மூன்றெழுத்தும் மூணாம் நம்பர் சாகேப்பும்

மத்தியானம் ஒரு மணி வாக்கில் மாஷிமா கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

"பௌமா! ஃபோன்!"

லேக் கார்டன்ஸில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாளை மாஷிமா என்று கூப்பிடுவேன். சித்தி, பெரியம்மா என்று நாம் கூப்பிடுவது மாதிரிதான் அது. அவருக்கு நான் பௌமா, அதாவது மருமகள். அந்தச் சந்திலேயே டெலிபோன் இருந்த ஒரே வீடு அது. கறுப்பு டெலிபோன். அதன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், இங்கிருந்து கூப்பிட முடியாது. பீரோ சாவி, மளிகை அறைச் சாவி எல்லாவற்றோடும் சேர்ந்து அந்தப் பூட்டின் சாவியும் மாஷிமாவின் முந்தானை முடிச்சில் கிடந்து, அவர் நடக்கும்போதெல்லாம் முதுகில் கிலுகிலுக்கும்.

நான் இறங்கிப் போய் ரிசீவரை எடுப்பேன். ஹலோ சொல்லமாட்டேன். கை மோதிரத்தால் ரிசீவரில் ஒரு தட்டுத் தட்டுவேன். இருக்கிறேன் என்று அர்த்தம்.

"சாப்பிட்டியா?" என்பாள் மறுமுனையில் என் ஆபீஸ் சிநேகிதி ஷிப்ரா-தி.

ஒரு தட்டு. ஆமாம்.

"தையல் வலிக்குதா?"

இரண்டு தட்டு. இல்லை.

"குரல் வந்துச்சா?"

அதற்கும் இரண்டு தட்டு.

அப்புறம், "சரி, விடு. இன்னிக்கு மூணெழுத்து எழுதிக்கோ" என்பாள்.

கழுத்தில் ஒரு கட்டி

போன வாரம் ஹவுராவில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'கல்கத்தாவில் உங்களுக்குப் பெரிய கஷ்டம் எதுவுமே வரவில்லையா?' என்று கேட்டிருக்கிறார். வந்ததம்மா. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் டெலிபோனில் ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கழுத்தில் ஒரு கட்டி. முதலில் எலுமிச்சம்பழ விதை அளவுதான் இருந்தது. நான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். அது எலுமிச்சம்பழமாகவே ஆன பிறகு மூட முடியவில்லை. தைராய்டு என்றார்கள். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கெட்ட கட்டியா என்று பயந்தோம், இல்லை என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் சர்ஜன், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யவேண்டும் என்று சொன்னார்.

வேறு யாருக்காவது என்றால் அது ஒரு தகவல். நான் டெலிபோன் ஆபரேட்டர். டல்ஹவுஸி பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் என் குரலுக்குத்தான் சம்பளம். எனக்கு என்ன முகம் என்று கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. சைக்கிள் டியூபிலிருந்து வருமே, அந்தக் காற்று. சர்ஜன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீக்கம் இருக்கிறது, நரம்பு அறுபடவில்லை, "இட் ஷுட் கம் பேக்" என்றார். வரும் என்று சொல்லவில்லை, வரவேண்டும் என்றார். அந்த 'ஷுட்'டை வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் அழுதேன் என்பது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அழுவதற்கும் சத்தம் வரவில்லை.

ஆபீஸில் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். துர்கா பூஜை விடுமுறை வரை பார்ப்போம், அதற்குள் குரல் வராவிட்டால் டெஸ்பாட்ச் பிரிவில் உட்காரலாம். டெஸ்பாட்ச் என்றால் நாளெல்லாம் உறைக்குக் கோந்து தடவுவது. வேலை போகாது. ஆனால் போர்டு போய்விடும். போர்டுதான் எனக்கு வேண்டும்.

அந்த விளையாட்டு

போர்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். எந்த லைனில் கூப்பிடுகிறார்களோ அந்தத் துளைக்கு மேல் ஒரு சின்னக் கண் திறக்கும். நுனியில் பிளக் வைத்த கயிற்றை இழுத்து அந்தத் துளையில் செருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லி, கேட்ட இடத்துக்கு இன்னொரு கயிற்றைச் செருகவேண்டும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஷிப்ரா-தியும் நானும். அவள் டாலிகஞ்ச் காலனியிலிருந்து டிராமில் வருவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், எனவே 'திதி', அதாவது அக்கா. சரோஜா என்ற என் பெயரை அவள் வாயால் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ஷொரோஜா.

வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. மழைக்காலத்தில் லைனில் ஒரே இரைச்சல், வாணலியில் அப்பளம் பொரிக்கிற மாதிரி. அந்த இரைச்சலில் நாங்கள் கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்டு. சின்ன வார்த்தை போய்ச் சேராது. 'நோ' என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆபரேட்டர் "என்ன? என்ன?" என்பாள். 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று சொன்னால் பாதி இரைச்சலில் போனாலும் மீதி போய்ச் சேரும், அவளும் புரிந்துகொள்வாள். 'எஸ்' சொன்னால் காணாமல் போகும். 'சர்டன்லி' போய்ச் சேரும். அதனால் நாங்கள் இருவரும் லைனில் நீளமான வார்த்தைகளாகத் தேடித் தேடிப் பேசுவோம். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், இந்தப் பெண்கள் என்ன இவ்வளவு கர்வமாகப் பேசுகிறார்கள் என்று கேட்டாராம்.

அதிலிருந்து பிறந்ததுதான் மூன்றெழுத்து. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் நான் என்னைச் சொல்வேன், அவள் தன்னைச் சொல்வாள். டிரங்க் கால் கிடைக்கும் வரை காத்திருக்கும் நேரத்தில், அடுத்துக் கூப்பிடுகிறவரின் பெயர் எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். கம்பெனியில் எல்லோரும் எங்களுக்கு எழுத்துகள்தான். ஆர்.எஸ்.வி., கே.எல்.டி., இப்படி. அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஆங்கில வார்த்தை சொல்லவேண்டும். நடுவில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் பாதகமில்லை. யாருடையது நீளமோ அவள் ஜெயித்தாள்.

ஆர், எஸ், வி என்று வந்த அன்று நான் பெருமையாக "ரெஸ்பான்ஸிவ்" என்றேன். ஷிப்ரா-தி கயிற்றைச் செருகிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓவர்சென்ஸிட்டிவ்" என்றாள். பதின்மூன்று எழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. "பாரு, உன்னைப் பத்தித்தான் சொன்னேன்" என்று வேறு சிரித்தாள்.

ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனசுக்குள் வைத்திருந்தேன், சொல்ல வந்தேன், அதற்குள் நீ சொல்லிவிட்டாய் என்பதெல்லாம் செல்லாது. எழுதிக் காட்டினாலும் செல்லாது. ஆபரேட்டருக்கு வாயில் வந்ததுதான் வார்த்தை.

தோற்றவளுக்குத் தண்டனை, அன்று முழுக்க மூணாம் நம்பரின் கால்களை எடுக்கவேண்டும்.

மூணாம் நம்பர் என்பது ஒரு சாகேப், அதாவது பெரிய அதிகாரி. அவர் எக்ஸ்டென்ஷன் மூன்று. பெயர் சொல்லமாட்டார், ஹலோ சொல்லமாட்டார், கண் திறந்து நாங்கள் கயிற்றைச் செருகுவதற்குள்ளேயே திட்டிக்கொண்டிருப்பார். கான்பூர் கால் ஏன் வரவில்லை என்று எங்களைக் கேட்பார், கம்பியை நாங்கள்தான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது போல. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கடைசியாகப் புக் செய்ததும் அவருடைய கான்பூர் கால்தான். அது கிடைக்கவில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

நாளைக்குப் பார்க்கலாம்

தையல் பிரித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் சர்ஜன், தினமும் காலையில் மெதுவாக 'ம்ம்ம்' என்று முனகிப் பார், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பார் என்றார்.

நான் பார்க்கவில்லை.

சோம்பேறித்தனம் இல்லை, பயம். முயற்சி செய்து வரவில்லை என்றால் வரவில்லை என்று ஆகிவிடும். முயற்சி செய்யாத வரைக்கும் அந்த 'ஷுட்' உயிரோடு இருந்தது. இன்றைக்கு மழை, தொண்டைக்கு ஆகாது. இன்றைக்கு ராகு காலம். இன்றைக்குக் கரண்ட் இல்லை. கரண்டுக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் துறைமுக ஆபீஸில் வேலை, எதையும் காரண காரியத்தோடு கேட்பார்.

"சும்மா ஒரு தடவ 'அ'ன்னு சொல்லேன். நான் வேணா வெளில போய் நிக்கிறேன்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டுக் காய் நறுக்கப் போனேன்.

"சரி சரி, உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. எனக்கென்ன அவசரம்? கல்யாணம் ஆகி இவ்வளவு நாள்ல இப்பதான் வீட்ல நான் பேசி முடிக்கவே முடியுது" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். சிரித்தேன். காற்றுதான் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கு நடுவில் ஷிப்ரா-தியின் மத்தியான ஃபோன். தினமும் தன் டிபன் நேரத்தில் கூப்பிடுவாள். மூன்றெழுத்து கொடுப்பாள். தன் வார்த்தையைச் சொல்வாள். எனக்காகக் கொஞ்சம் காத்திருப்பாள். நான் தட்டமாட்டேன், தட்டுவதற்கு இதில் ஆமாம், இல்லை கிடையாதே. "சரி, நான் ஜெயிச்சேன். மூணாம் நம்பர் உன் கணக்குல ஏறிக்கிட்டே போவுது, வந்து தீர்த்துடு" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அவள் சொன்னதைவிட நீளமான வார்த்தை பல நாள் என்னிடம் இருந்தது. நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு மாடி ஏறுவேன்.

லைனில் மூன்றாவது ஆள்

அன்றைக்கு மழை ஓய்ந்து நல்ல வெயில். தெருக்கோடியில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். பந்தல் எழும்பினால் பூஜை, பூஜை வந்தால் டெஸ்பாட்ச்.

ஃபோன் வந்தது. போனேன். தட்டினேன். மாஷிமா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கே, எல், டி" என்றாள் ஷிப்ரா-தி. "டெலிவரி செக்‌ஷன் தாஸ் இப்பதான் கூப்பிட்டாரு, சூடான எழுத்து. நான் சொல்லவா? கலைடாஸ்கோப். பன்னிரண்டு. ம், இப்ப நீ."

எனக்கு உடனே வந்துவிட்டது. ஆபீஸில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிற வார்த்தை. நெஞ்சிலேயே நின்றது.

அப்போது லைனில் யாரோ கனைத்தார்கள்.

கல்கத்தாவில் அந்தக் காலத்தில் டெலிபோன் வைத்திருந்த யாருக்கும் கிராஸ் கனெக்‌ஷனைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர் பேர் தெரியாத ஆள் லைனுக்குள் வந்து நிற்பான். சில பேர் உடனே வைத்துவிடுவார்கள், சில பேர் குடும்பக் கதை முழுக்கக் கேட்பார்கள். இந்த ஆள் இரண்டாவது ரகம். வங்காளத்தில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"நாலெட்ஜ்!" என்றார் அந்த மனிதர், வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் மாதிரி. "கே, எல், டி. நாலெட்ஜ். சரிதானே, திதி?"

"யாருங்க நீங்க? ஃபோனை வைங்க" என்றாள் ஷிப்ரா-தி.

"நான் படாபஜாருக்கு ஃபோன் போட்டேன், உங்க லைன்ல வந்து விழுந்துட்டேன். பூஜைக்கு வேட்டி கட்டு வந்துச்சான்னு கேக்கணும். ரொம்ப நேரமா உங்களைத்தான் கேட்டுட்டிருக்கேன். நீங்க யாரோட பேசறீங்க?"

"என் சிநேகிதியோட."

"எந்த சிநேகிதி? அந்தப் பக்கம் யாரும் இல்லையே."

"இருக்கா. நீங்க வைங்க."

நான் வேகமாக ஒரு தட்டுத் தட்டினேன்.

"பாத்தீங்களா, தட்டறா" என்றாள் ஷிப்ரா-தி.

"ஐயோ திதி, அது லைன் சத்தம். நம்ம ஊரு லைன் எல்லாமே அப்படித்தான் டிக் டிக்குன்னும். மழைத்தண்ணி போயிருக்கும். நீங்க பாவம் வெறும் கம்பியோட பேசிட்டிருக்கீங்க." அவர் குரலில் உண்மையான இரக்கம் வேறு. "மூச்சுக்கூட இல்ல. அந்தப் பக்கம் ஆளே கிடையாது. வெச்சிடுங்க, எனக்கு படாபஜார் கிடைக்கட்டும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. லைனில் நான் இல்லையாம்! பத்து வருஷமாகக் கல்கத்தாவின் லைன்களை ஆண்டுகொண்டிருக்கிறேன், வேட்டி விற்கிற ஒரு ஆள் என்னை மழைத்தண்ணீர் என்கிறார். அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். என் வேலை செய்தது. லைனில் தெரியாத ஆள் புகுந்தால் ஆபரேட்டர் சொல்லவேண்டிய வாசகம் ஒன்று உண்டு. தினம் இருபது தடவை சொல்லுவோம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவோம்.

"எக்ஸ்சேஞ்ச் ஹியர். திஸ் லைன் இஸ் எங்கேஜ்டு. கைண்ட்லி ரீப்ளேஸ் யுவர் ரிசீவர்."

அந்த மனிதர் "ஓ, ஸாரி மேடம்" என்று பயந்து போய் வைத்துவிட்டார். டக்கென்று லைன் தெளிந்தது.

மாஷிமாவின் கையிலிருந்த கீரை தரையில் விழுந்து கிடந்தது. யார் பேசியது என்று நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன்.

"ஷொரோஜா?" என்றாள் ஷிப்ரா-தி. அவள் குரல்தான் இப்போது காற்றாக இருந்தது.

நான் பேசப் பயந்து நின்றேன். ஒரு தடவை தானாக வந்துவிட்டது, இரண்டாவது தடவை நானாகக் கூப்பிட்டால் வருமா? ஆனால் சும்மா இருந்தால் கலைடாஸ்கோப் ஜெயித்துவிடும்.

"அக்னாலெட்ஜ்மென்ட்" என்றேன். "பதினஞ்சு."

கரகரவென்று, கொஞ்சம் இறங்கிய குரலில், நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, ஆனால் வந்தது. முழு வார்த்தையும் வந்தது.

ஷிப்ரா-தி அழுதாள். ஹோவென்று, எக்ஸ்சேஞ்ச் அறையில் உட்கார்ந்துகொண்டு. பின்னால் எத்தனை கண் திறந்து கிடந்ததோ, எத்தனை பேர் கம்பெனியைத் திட்டினார்களோ தெரியாது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த வேட்டிக்காரன் நல்லா இருக்கணும். அவன் பிள்ளை குட்டி எல்லாம் நல்லா இருக்கணும்" என்றாள். நானும் அதையே சொல்கிறேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு அந்தப் பூஜையில் அமோகமாக வேட்டி விற்றிருக்கவேண்டும்.

ஃபோனை வைத்ததும் மாஷிமா எழுந்து வந்தார். முந்தானை முடிச்சை முன்னால் இழுத்து, சாவிக்கொத்தில் தேடி, டயல் பூட்டைத் திறந்து எடுத்தார். நாங்கள் குடிவந்ததிலிருந்து அந்த டயல் பூட்டில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"பையனுக்குப் பேசு" என்றார். பையன் என்றால் என் வீட்டுக்காரர்.

துறைமுக ஆபீஸுக்குப் போட்டேன். அவரை அழைத்து வர நேரமானது. "ஹலோ, யாரு?" என்றார்.

"நான்தான். ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்றேன்.

அன்றைக்கு லைனில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது அவர்தான். வெகுநேரம் கழித்து, "எதுனாலும் சரி. நீ பேசிட்டே இரு" என்றார்.

மறுபடி போர்டு

பந்தலில் துணி கட்டுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டேன். சர்ஜன் பார்த்து, போதும் போதும் என்கிற அளவுக்குத் தலையாட்டினார். குரல் அரை ஸ்வரம் இறங்கியிருந்தது, அது இன்றுவரை ஏறவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஷிப்ரா-தி என் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள்.

"கலைடாஸ்கோப்பிகலி. பதினேழு. ராத்திரி முழுக்க யோசிச்சேன்."

"அதெல்லாம் செல்லாது! அது முடிஞ்ச ஆட்டம்!"

"கே, எல், டி இருக்கா இல்லையா? இருக்கு. நீ தோத்துட்டே. இன்னிக்கு மூணாம் நம்பர் உனக்கு."

சண்டை போட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். சண்டை போட முடிகிறதே!

அவள் வாய் மூடவில்லை, மூன்றாம் நம்பர் கண் திறந்தது. கயிற்றைச் செருகினேன்.

"எக்ஸ்சேஞ்ச்."

அந்தப் பக்கம் திட்டு வரவில்லை. குரல் மாறிப்போனது தெரிந்துவிட்டது, யார் இது புது ஆள், அந்தப் பழைய பெண் எங்கே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஷிப்ரா-தியும் தன் கயிற்றைப் பாதியில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நீதானே?" என்றார் சாகேப். அவருக்கே உரிய அந்தக் கடுகடுப்போடு. "உன்கிட்ட கான்பூர் கால் கேட்டேனே, என்ன ஆச்சு? எவ்வளவு நேரம்மா?"

நான் டீ குடிக்கப் போய்விட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ரிசீவரைச் சரிசெய்துகொண்டேன்.

"அன்ஃபார்ச்சுனேட்லி, சார்..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு எழுத்துகூடக் கீழே விழாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவர் திட்ட ஆரம்பித்தார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.